குடியிலிருந்து மீளத் துணை தேடியவர்: பில் வில்சன்



குடியை விடுவதாகச் சத்தியம் செய்த ஒருவரையாவது உங்களுக்குத் தெரியாமல் இராது. தவக்காலத்து நாற்பது நாளும் ஒரு துளி தொடாமல் இருந்துவிட்டு, உயிர்த்த ஞாயிறன்று பின்னேரமே தவறணைப் பக்கம் காணப்பட்டவராக அவர் இருக்கலாம். மடு மாதாவின் சந்நிதியில் முழந்தாளிட்டு, மனைவி பிள்ளைகள் முன் வாக்குக் கொடுத்துவிட்டு, ஆவணித் திருவிழா முடிந்து வீடு திரும்பிய அதே கிழமையில் அந்த வாக்கை மீறியவராக இருக்கலாம். அவர் பொய்ச் சத்தியம் செய்தார் என்று ஊர் முடிவு கட்டிவிடுகிறது. நாளடைவில் வீட்டாரும் அப்படியே நம்பிவிடுகின்றனர். ஆனால் சத்தியம் செய்த அந்த நேரத்தில் அவர் மனதாரத்தான் செய்தார்; அழுது கொண்டே செய்தார். பின் ஏன் அவரால் முடியவில்லை?

இக்கேள்விக்குத் தமது வாழ்க்கையையே விடையாகத் தந்த ஒருவரை இவ்வாரம் உங்கள்முன் நிறுத்துகின்றோம். குடியை வென்றவர் என்றதும் டப்ளின் நகரத் தொழிலாளி மற் டல்பொட்டையே நம்மிற் பலர் நினைப்போம். 1884ஆம் ஆண்டில், தமது 28ஆம் வயதில் குடியைக் கைவிட்டு, 1925இல் இறக்கும்வரை அதைத் தொடாதிருந்தவர் அவர். 1975இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது. இன்று நாம் பார்க்கப்போகும் பில் வில்சன் அத்தகையவர் அல்லர். அவர் கத்தோலிக்கருமல்லர். தனியாக நின்று குடியை வெல்லத் தம்மால் இயலாது என்பதை அனுபவித்து அறிந்தவர். அந்த இயலாமையையே பல இலட்சம் பேர் நடந்து வரக்கூடிய வழியாக மாற்றியவர்.

மன உறுதி மிக்க சிறுவன்

வில்லியம் வில்சன் 1895 நவம்பர் 26ஆம் நாள், அமெரிக்காவின் வெர்மொன்ட் மாநிலத்தில் ஈஸ்ட் டோர்செட் என்னும் மலையடிவாரச் சிற்றூரில் பிறந்தார். அவர் பிறந்த அறை ஒரு விடுதியின் மதுச்சாலைக்குப் பின்புறத்தில் இருந்தது. சிறுவயதிலேயே தந்தை குடும்பத்தைப் பிரிந்து போனார். தாய் மருத்துவம் படிக்கவெனப் பொஸ்ரன் நகருக்குச் சென்றார். பில்லும் தங்கையும் தாய்வழிப் பாட்டன் பாட்டியிடம் வளர்ந்தனர்.

ஒரு சம்பவம் அச்சிறுவனின் குணத்தைக் காட்டும். எறிந்தவனிடமே திரும்பி வரும் பூமராங் என்ற எறிபடையை அவுஸ்திரேலிய ஆதிக்குடிகளைத் தவிர வேறெவராலும் செய்ய முடியாது என்று பாட்டனார் ஒருநாள் சொன்னார். பில் அதைச் செய்தே தீருவதென்று பிடிவாதமாக மாதக் கணக்கில் மரத்தைச் செதுக்கினான். இறுதியில் எறிந்தது திரும்பி வரக் கண்டபின்பே ஓய்ந்தான். குடிகாரன் மன உறுதி இல்லாதவன் என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பில்லிடம் மன உறுதிக்குக் குறைவிருக்கவில்லை. அந்த உறுதி மதுவின் முன் மட்டும் செல்லுபடியாகவில்லை.

1912ஆம் ஆண்டில், பள்ளிக்கூட நாளில் அவர் நேசித்த பேத்தா என்னும் பெண் சத்திரசிகிச்சையின் பின் திடீரென இறந்தாள். அந்தத் துயரம் அவரை நெடுங்காலம் வாட்டியது. மனச்சோர்வு என்ற நோய் அன்றிலிருந்தே அவரைத் தொடர்ந்தது எனலாம்.

முதற் கிண்ணமும் முறிந்த சத்தியங்களும்

முதலாம் உலகப் போருக்காக இராணுவத்திற் சேர்ந்த பில், 1917இல் நியூ பெட்பேர்ட் நகரில் ஒரு விருந்துக்கு அழைக்கப்பட்டார். கூச்ச சுபாவம் உள்ளவர். பெரிய மனிதர் நடுவில் நாவெழாமல் நின்றவர். அங்கேதான் முதன்முதலாக மது அருந்தினார். குடித்ததும் கூச்சம் மறைந்தது. எல்லாரும் தம்மை விரும்புவதுபோல் இருந்தது. நம்மூர்க் கலியாண வீட்டில், கோடிப்புறத்தில், நண்பர்கள் நீட்டும் முதற் கிளாஸ் ஓர் இளைஞனுக்கு என்ன செய்கிறதோ, அதையேதான் அவருக்கும் செய்தது.

1918 ஜனவரி 24ஆம் நாள் லோயிஸ் பேர்ணம் என்னும் பெண்ணை மணந்தார். பிரான்சிற் போர்ச் சேவை முடிந்து திரும்பியபின் நியூயோர்க் பங்குச் சந்தையில் தொழில் செய்து கைநிறையச் சம்பாதித்தார். பணம் பெருகப் பெருகக் குடியும் பெருகியது. 1929இல் பங்குச் சந்தை வீழ்ந்தபோது அவரும் வீழ்ந்தார். கணவனும் மனைவியும் புரூக்ளினில் இருந்த லோயிசின் பெற்றோர் வீட்டில் ஒதுங்கினர். லோயிஸ் ஒரு பெரிய கடையில் விற்பனை வேலைக்குப் போய் உழைத்த சம்பளத்தில் குடும்பம் ஓடியது. அவர் வேலையால் களைத்து வரும்போது கணவர் வாசலில் விழுந்து கிடப்பார்.

வீட்டு வேதாகமப் புத்தகத்தின் ஏட்டிலே பில் தம் கைப்பட எழுதி வைத்த சத்தியங்கள் உண்டு. இனிக் குடிப்பதில்லை என்று மனைவிக்கு எழுதிக் கையொப்பமிட்டார். மறுபடி எழுதினார், மறுபடியும் எழுதினார். ஒவ்வொன்றும் உண்மையாகவே எழுதப்பட்டது, ஒவ்வொன்றும் முறிந்தது. நியூயோர்க்கில் குடிகாரருக்குச் சிகிச்சை அளித்த டவுன்ஸ் மருத்துவமனையில் பலமுறை அனுமதிக்கப்பட்டார். அங்கிருந்த டொக்டர் வில்லியம் சில்க்வேர்த், குடியடிமைத்தனம் ஒழுக்கக் கேடு மாத்திரமன்று, அது ஒரு நோய் என்று விளக்கினார். ஒரு கிளாஸ் உள்ளே போனதும் உடல் மேலும் கேட்கிறது; உடல் தெளிந்த பின்னும் மனம் அந்த முதற் கிளாசையே சுற்றிச் சுற்றி வருகிறது. இந்த இரட்டைப் பூட்டைத் தனி மனிதனின் வைராக்கியம் மட்டும் திறக்காது. பில்லுக்கு இந்த விளக்கம் ஆறுதல் தந்தது. ஆனால் அறிவு மட்டும் அவரைக் காப்பாற்றவில்லை, மீண்டும் குடித்தார்.

படலையைத் தட்டிய நண்பன்

1934 நவம்பரில் எபி தச்சர் என்ற பழைய நண்பர் பில்லைக் காண வந்தார். இருவரும் ஒன்றாகக் குடித்தவர்கள். பில் அவருக்கு ஊற்றிக் கொடுக்க, எபி வேண்டாமென்றார். தாம் குடியை நிறுத்திவிட்டதாகவும், ஒக்ஸ்போர்ட் குழு என்ற கிறிஸ்தவக் கூட்டத்தாரோடு சேர்ந்து, குற்றங்களை மனந்திறந்து ஒப்புக்கொள்ளவும், தீங்கிழைத்தவர்களுக்கு ஈடு செய்யவும், கடவுளின் உதவியைக் கேட்கவும் பழகி வருவதாகவும் சொன்னார். எபி நீண்ட பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. தம்மைப் போன்ற ஒரு குடிகாரன் தெளிந்த முகத்தோடு முன்னால் உட்கார்ந்திருந்ததே பில்லை உலுக்கியது.

டிசம்பர் 11ஆம் நாள் பில் கடைசி முறையாக அந்த மருத்துவமனையிற் சேர்ந்தார். அங்கே ஆழ்ந்த விரக்தியின் நடுவில், கடவுள் ஒருவர் இருந்தால் தம்மைக் காட்டட்டும் என்று கதறினார். அறை முழுவதும் ஒளி நிரம்பியதாகவும், தாம் விடுதலை பெற்றதாகவும் உணர்ந்தார். பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று அஞ்சி டொக்டர் சில்க்வேர்த்திடம் கேட்டார். கிடைத்ததை இறுகப் பற்றிக்கொள்ளும்படி டொக்டர் அறிவுரை கூறினார். அதன்பின் பில் வில்சன் சாகும்வரை மது தொடவில்லை.

வாசகரே, கதை இங்கே முடிந்திருந்தால் இது ஒரு தனி மனிதன் பெற்ற அருளாக மட்டும் நின்றிருக்கும். வைத்தியசாலையை விட்டு வந்த பில், ஆறு மாத காலம் குடிகாரர்களைத் தேடித் தேடிப் போதித்தார். ஒருவர்கூடத் திருந்தவில்லை. மனமுடைந்த அவருக்கு லோயிஸ் ஓர் உண்மையை நினைவூட்டினார்: மற்றவர்கள் தெளியாவிட்டாலும், அவர்களோடு பாடுபட்ட இந்த மாதங்களில் பில் தெளிந்தே இருக்கிறார் அல்லவா? டொக்டர் சில்க்வேர்த் வேறொன்று சொன்னார். பரவச அனுபவத்தைப் போதிப்பதை நிறுத்தி, முதலில் நோயைப் பற்றிப் பேசும்படி சொன்னார்.

அக்றன் நகரில் ஒரு சனிக்கிழமை

1935 மே மாதம் வியாபார அலுவலாக ஒஹாயோ மாநிலத்து அக்றன் நகருக்குப் போனார் பில். காரியம் தோற்றது. மே 11, சனிக்கிழமை பின்னேரம். கையில் காசு குறைவு, தெரிந்தவர் ஒருவருமில்லை. மேஃபிளவர் ஹோட்டலின் கூடத்தில் தனியாக உலாவினார். கூடத்தின் ஒரு முனையில் மதுச்சாலை. உள்ளேயிருந்து சிரிப்பொலி கேட்கிறது. மறுமுனையில் ஒரு தொலைபேசியும், நகரத்துத் தேவாலயங்களின் பெயர்ப் பட்டியலும். ஒரு சோடா குடித்துக்கொண்டு யாருடனாவது பேசலாமே என்று மனம் மதுச்சாலைப் பக்கம் இழுத்தது. அப்போதுதான் அவர் அஞ்சினார். தமக்கு இப்போது தேவை இன்னொரு குடிநோயாளி. அவரைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்காக அல்ல, தம்மைக் காப்பாற்றிக்கொள்ள என்பது அந்நேரம் அவருக்குப் பளிச்சென விளங்கியது.

பட்டியலிலிருந்து வோல்டர் டங்ஸ் என்ற போதகரை அழைத்தார். அவர் தந்த பெயர்களை ஒவ்வொன்றாக அழைத்துக்கொண்டே போக, ஹென்றியேட்டா சைபேர்லிங் என்ற பெண்மணி பதில் கொடுத்தார். குடியால் அழிந்துகொண்டிருந்த ஒரு சத்திரசிகிச்சை வைத்தியருக்காக அவரும் நண்பரும் செபித்து வந்த நாட்கள் அவை. அந்த வைத்தியர்தான் டொக்டர் பொப் எனப்பட்ட றொபேட் ஸ்மித்.

மறுநாள் ஞாயிறு, அன்னையர் தினம். மாலை ஐந்து மணிக்கு டொக்டர் பொப் வேண்டா வெறுப்பாக வந்தார். கால் மணித்தியாலத்துக்கு மேல் தங்குவதில்லை என்று மனைவியிடம் சொல்லிவிட்டே வந்தார். இரவு பதினொரு மணி கடந்தபின்தான் புறப்பட்டார். ஏனெனில் பில் அவருக்கு உபதேசம் செய்யவில்லை. தாம் எப்படிக் குடித்தார், எப்படி ஒளித்தார், எப்படி மனைவியை ஏமாற்றினார் என்று தம் கதையையே சொன்னார். பொப் அதுவரை எத்தனையோ அறிவுரை கேட்டிருந்தார். தம் நோயைத் தம்மைப் போலவே அனுபவித்த ஒருவர் பேசக் கேட்டது அதுவே முதல் தடவை.

டொக்டர் பொப் ஒருமுறை மீண்டும் விழுந்தார். பின்பு 1935 ஜூன் 10ஆம் நாள் கடைசிக் கிளாசைக் குடித்தார். அந்த நாளையே இந்த இயக்கம் தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது. இருவரும் சில நாட்களில் அக்றன் நகர வைத்தியசாலைக்குப் போய், தாதியரைத் தாக்கியதால் கட்டிலிற் கட்டப்பட்டிருந்த ஒரு சட்டத்தரணியின் அருகே உட்கார்ந்து தங்கள் கதையைச் சொன்னார்கள். அவர் எழுந்து நடந்தார். அதன்பின் இறக்கும்வரை குடிக்கவில்லை. இப்போது மூன்று பேர். ஒரு குழு பிறந்துவிட்டது.

கன்னியரும் குருவானவரும் செய்த துணை

1939 ஏப்ரலில் பில் எழுதிய நூல் வெளிவந்தது. மீட்சிக்கான பன்னிரு படிகள் அதில் உள்ளன. மதுவின் முன் தாம் வலுவற்றவர் என்று ஏற்றல், தம்மிலும் மேலான வல்லமையிடம் தம்மை ஒப்படைத்தல், குற்றங்களை ஆராய்ந்து இன்னொருவரிடம் ஒப்புக்கொள்ளல், தீங்கிழைத்தோருக்கு ஈடு செய்தல், பெற்றதை மற்றக் குடிநோயாளருக்குக் கொண்டு செல்லல் என்பன அவற்றின் சாரம். நூலின் பெயரே இயக்கத்துக்கும் பெயராயிற்று: அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. பெயர் வெளியிடாக் குடிநோயாளர் என்பது பொருள். அதே ஆண்டில் வங்கி அவர்களுடைய வீட்டைப் பறித்துக்கொண்டது. பில்லும் லோயிசும் இரண்டு ஆண்டுகள் நண்பர் வீடுகளில் மாறி மாறித் தங்கினர்.

அந்நாளில் குடிகாரரைச் சேர்த்துக்கொள்ள வைத்தியசாலைகள் விரும்பவில்லை. 1939 ஆகஸ்டில், அக்றன் புனித தோமையார் வைத்தியசாலையில் அருட்சகோதரி இக்னேஷியா, வயிற்று அழற்சி என்று பதிந்து, டொக்டர் பொப்பின் நோயாளி ஒருவருக்கு இடம் கொடுத்தார். பின்னர் ஒரு தனிப் பிரிவே உருவாயிற்று. குணமடைந்து போகிறவருக்குச் சகோதரி திரு இருதயப் பதக்கம் ஒன்றைக் கொடுப்பார். மீண்டும் குடிக்க நினைத்தால், குடிக்கமுன் அதைத் தம்மிடம் திருப்பித் தரவேண்டும் என்பதே நிபந்தனை. அதை நேரிற் கொண்டுபோய்க் கொடுப்பது எளிதா, சொல்லுங்கள்! டொக்டர் பொப் 1950இல் இறக்கும்வரை சுமார் 5,000 பேருக்கு இலவசமாகச் சிகிச்சை அளித்தார்.

1940ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், பில் மனஞ்சோர்ந்திருந்த மழையிரவொன்றில், மூட்டு நோயால் நொண்டிக்கொண்டு ஒரு குருவானவர் அவரைத் தேடி வந்தார். யேசு சபையைச் சேர்ந்த எட்வேர்ட் டௌலிங் அடிகளார் அவர். பன்னிரு படிகளுக்கும் புனித இஞ்ஞாசியாரின் ஆன்மீகப் பயிற்சிகளுக்கும் உள்ள ஒற்றுமை பற்றிக் கேட்டார். அப்பயிற்சிகளைப் பற்றி பில் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை. அன்றிரவு பில் தம் உள்ளத்தை முழுதும் அவரிடம் கொட்டினார். 1960இல் அடிகளார் இறக்கும்வரை அந்த நட்பு நீடித்தது. அடிகளார் குடிநோயாளர் அல்லர். கேட்கத் தெரிந்தவர், அதுவே போதுமாயிருந்தது.

குறையுள்ள மனிதர்

பில்லைப் புனிதராக்கிக் காட்டுவது எமது நோக்கமன்று. 1944 முதல் பத்தாண்டுக்கு மேலாக மனச்சோர்வு அவரை வருத்தியது. திருமண வாழ்விலே உண்மையாயிருக்கத் தவறினார் என்று அவரது வரலாற்றை ஆராய்ந்தோர் எழுதியுள்ளனர். புகைத்தலை விடமுடியாமல் நுரையீரல் நோய்க்கு ஆளானார். அவருக்கு வழி காட்டிய எபியோ பலமுறை மீண்டும் குடியில் விழுந்தார். ஆயினும் 1966இல் தெளிந்த நிலையிலேயே இறந்தார். விழுந்தவர் மறுபடி வரலாம், கதவு மூடப்படுவதில்லை.

ஆனால் ஒன்றில் பில் பெரியவர். புகழ் தமக்கும் மது போன்றதே என்று அறிந்து அதற்கு விலகி நடந்தார். 1954இல் யேல் பல்கலைக்கழகம் கௌரவப் பட்டம் வழங்க முன்வந்தபோது மறுத்தார். 1955இல் இயக்கத்தின் பொறுப்பை உறுப்பினர்களிடமே ஒப்படைத்தார். 1971 ஜனவரி 24ஆம் நாள், அவர்களது திருமணத்தின் 53ஆம் ஆண்டு நிறைவன்று, மியாமியில் காலமானார். அதன்பின்பே அவரது முழுப்பெயரைப் பத்திரிகைகள் பரவலாக வெளியிட்டன. லோயிஸ் 1951இல் குடிநோயாளரின் குடும்பத்தாருக்கென அல்-அனொன் என்ற குழுக்களைத் தொடங்கியிருந்தார். அவர் 1988வரை வாழ்ந்தார்.

கூட்டத்தில் என்ன நடக்கும்?

இன்று சுமார் 180 நாடுகளில் ஏறக்குறைய 20 இலட்சம் பேர் ஏ.ஏ. கூட்டங்களுக்குப் போகின்றனர். 2020இல் வெளிவந்த கொக்ரேன் மதிப்பாய்வு, பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்ட 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. தொடர்ந்து குடியாமல் இருப்பதற்கு இவ்வழியும் இதையொட்டிய சிகிச்சையும் மற்றச் சிகிச்சைகளுக்குக் குறைந்தவையல்ல, பெரும்பாலும் மேலானவை என்று அது கண்டது.

கூட்டத்துக்குப் போக அச்சப்படுவோருக்காக இதைச் சொல்கின்றோம். கட்டணம் இல்லை. பதிவேடு இல்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை ஒன்றே தகுதி. சமயம், சாதி, தொழில் எதுவும் கேட்கப்படுவதில்லை. வந்தவர்கள் வட்டமாக உட்காருவர்; ஒருவர் தம் முதற்பெயரை மட்டும் சொல்லித் தம் கதையைச் சொல்வார். இடையில் எவரும் குறுக்கிடார், புத்தி சொல்லார். பேச விரும்பாதவர் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கலாம். வாழ்நாள் முழுவதற்கும் சத்தியம் செய்யும்படி ஒருவரும் கேளார். இன்றைய இருபத்துநான்கு மணித்தியாலத்தைக் குடியாமல் கடத்தினாற் போதும். நாட்பட்ட உறுப்பினர் ஒருவர் புதியவருக்குத் துணையாக நிற்பார். ஆசை மூளும் நேரத்தில் அவரை அழைத்துப் பேசலாம். அங்கே கேட்டது அங்கேயே நிற்கும்.

யாழ்ப்பாணத்தில் நமக்குப் பெரிய தடை ஊர்வாய். ஒழுங்கையில் நான்கு பேர் பார்த்தால் போதும், அடுத்த நாள் சந்தியில் கதை நிற்கும். மகளின் கலியாணப் பேச்சு குழம்பிவிடுமோ என்று தாய் அஞ்சுகிறாள். ஆனால் நினைத்துப் பாருங்கள்: அவர் தவறணையிலிருந்து தள்ளாடி வருவதை ஊர் ஏற்கனவே கண்டிருக்கிறது. கூட்டத்துக்குப் போவதைக் கண்டாற்றானா மானம் போகப்போகிறது? நீண்ட போரும் இடப்பெயர்வும் எத்தனையோ ஆண்களின் நெஞ்சில் ஆறாத புண்களை விட்டுச் சென்றுள்ளன. சாராயமும் கசிப்பும் அவற்றுக்கு மருந்தென்று நம்பிக் குடிப்பவர்களை வெறும் ஊதாரிகள் என்று தள்ளுவது நியாயமாகாது.

எனவே சில காரியங்கள் செய்யுங்கள். நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் வீட்டிலே திடீரென நிறுத்துவது ஆபத்தானது. வலிப்பும் சித்தப்பிரமையும் வந்து உயிருக்கே கேடாகலாம். ஆகையால் முதலில் வைத்தியசாலை, பின்பு குழு. அரசாங்க வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் வழி கேளுங்கள். அருகில் எங்கே கூட்டம் நடக்கிறதென்றும் அங்கேயே விசாரியுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். குடித்திருக்கும் வேளையில் அவரோடு வாதாட வேண்டாம்; விடிந்து தெளிந்தபின் பேசுங்கள். அவர் வர மறுத்தாலும், மனைவியே தனியாகப் போய் உதவி கேட்கலாம்.

உங்கள் பகுதியில் கூட்டம் எதுவுமே இல்லையென்றால், பில்லும் பொப்பும் இருவராகவே தொடங்கினர் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். குடியை விட்டுச் சில ஆண்டு கடந்த ஒருவர் உங்கள் பங்கிலே நிச்சயம் இருப்பார். அவரிடம் போய், விட முயல்கிற இன்னொருவரைக் காட்டிக் கொடுங்கள். பங்குத்தந்தையரே, கிழமைக்கு ஒரு மாலை மண்டபத்தின் ஓர் அறையைத் திறந்து விடுங்கள்; யார் வருகிறார்கள் என்று கேளாதீர்கள். ஒரு மேசை, நாலு கதிரை, தேநீர், வேறு செலவில்லை.

இதை வாசிக்கும் உங்களுக்கே இந்த நோய் இருக்குமானால், தனியாக இன்னொரு சத்தியம் செய்ய வேண்டாம். இன்று இரவுக்குள் ஒருவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். மடு மாதாவிடம் மன்றாடுங்கள். மன்றாடிவிட்டு எழுந்து அந்த ஒருவரின் படலையைத் தட்டுங்கள்.